உள்ளூரில் வழக்கு, வெளிநாட்டிலிருந்து கோரிக்கை: ஒப்படைப்புச் சட்டத்தில் எது முதலில்? முழுமையான வழிகாட்டி

ஒருவர் மீது அவர் இருக்கும் நாட்டிலேயே குற்ற வழக்கு நடக்கிறது. அதே நேரத்தில் இன்னொரு நாடு, "அவரை எங்களிடம் ஒப்படையுங்கள்" என்று கேட்கிறது. இதில் மாட்டிக்கொண்டவரும் அவருடைய குடும்பமும் முதலில் கேட்பது, "அனுப்பிவிடுவார்களா?" என்பதுதான். பதற்றத்தில் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆனால் நீதிமன்றம் அதற்கு முன்பு இன்னொன்றைக் கேட்கும்: இரண்டு வழக்கும் ஒரே செயலைப் பற்றியவையா, வெவ்வேறு செயல்களைப் பற்றியவையா? ஒரே செயல் என்றால், அனுப்பலாமா கூடாதா என்று வாதாட இடம் இருக்கிறது. வெவ்வேறு செயல்கள் என்றால், உள்ளூர் வழக்கு பெரும்பாலும் பயணத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் புரியாமல் வருடங்களைத் தொலைத்தவர்கள் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். செய்தித்தாள்கள் "நாடு கடத்தல்" என்ற ஒரே சொல்லை இரண்டு காரியங்களுக்குப் பயன்படுத்துகின்றன. விசா முடிந்தவரை அல்லது தங்க அனுமதி இல்லாதவரைக் குடியேற்றச் சட்டப்படி வெளியேற்றுவது ஒன்று. குற்ற விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ ஒரு நாடு கேட்க, இன்னொரு நாடு ஆளைக் கையளிப்பது இன்னொன்று. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. அதை "ஒப்படைப்பு" என்றே சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு தரப்பையும் "கேட்கும் நாடு", "ஆள் இருக்கும் நாடு" என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படி: கையில் இருக்கும் காகிதம் எது?

"இன்டர்போல் நோட்டீஸ் வந்துவிட்டது" என்றாலே எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ரெட் நோட்டீஸ் என்பது, ஒருவர் தேடப்படுகிறார் என்று சர்வதேசக் காவல் அமைப்பான இன்டர்போல் நாடுகளுக்கு அனுப்பும் அறிவிப்பு. அது உலகம் முழுக்கச் செல்லும் பிடிவாரண்ட் கிடையாது. அதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தீர்மானிக்கும். அமெரிக்காவில் அதை மட்டும் வைத்து ஒருவரைக் கைது செய்ய முடியாது. அடுத்த கட்டம் தற்காலிகக் கைதுக் கோரிக்கை: "முழு ஆவணங்களும் வந்துகொண்டிருக்கின்றன, அதுவரை பிடித்து வையுங்கள்" என்பது. மூன்றாவதுதான் முறையான ஒப்படைப்புக் கோரிக்கை. அதில் குற்றச்சாட்டு, சட்டப் பிரிவு, வாரண்ட், சான்றுகள் எல்லாம் இருக்கும்.

தற்காலிகக் கைதுக்குக் கெடு உண்டு. 1957 டிசம்பர் 13 அன்று பாரிஸில் கையெழுத்தான ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கைப்படி, 18 நாளுக்குள் கோரிக்கை வராவிட்டால் விடுவிக்கலாம், 40 நாளுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் வைத்திருக்கக் கூடாது. இந்தியாவின் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் 60 நாள் தருகிறது.

உள்ளூர் வழக்கில் ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்கு இந்தக் கெடு முடிந்தாலும் வெளியே வர முடியாது. ஆகவே யாரும் நாளை எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். கெடு முடிந்த அன்றே, ஒப்படைப்புக் காவல் காலாவதியாகிவிட்டது என்று மனுப் போட்டுப் பதிவு செய்யுங்கள். கோரிக்கை பின்னால் வந்தால் மறுபடியும் கைது செய்யலாம், அது உண்மை. ஆனாலும் எந்த நாள் எந்த வழக்கின் கணக்கில் கழிந்தது என்பது பிறகு பெரிய பிரச்சினையாக வரும். அதை ஆறாம் படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: இரண்டு குற்றச்சாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உள்ளூர் வழக்கு, மறுபக்கம் வெளிநாட்டுக் கோரிக்கை. செயல் நடந்த தேதி, இடம், பாதிக்கப்பட்டவர், செய்ததாகச் சொல்லப்படும் காரியம், பணம் போன வழி, கூட்டாளிகள், கடைசியில் சட்டப் பிரிவு. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். பிரிவின் பெயரில் ஆரம்பித்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே "மோசடி" என்றும் அங்கே "பண மோசடிக்கான சதி" என்றும் இருக்கும், அடியில் இருக்கும் சம்பவம் ஒன்றேயாக இருக்கும். இரண்டு பக்கமும் "மோசடி" என்றே இருந்து, சம்பவங்கள் வேறுவேறாக இருப்பதும் உண்டு.

"ஒரே குற்றம்" என்பதை அளக்கவே இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, நடந்த செயலைப் பார்ப்பது. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் உடன்படிக்கை தொடர்பான வான் எஸ்பிரோக் வழக்கில் 2006-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த வழியை எடுத்தது. இரு நாடுகளும் அந்தச் செயலுக்கு என்ன பெயர் வைத்தாலும், பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கும் சம்பவங்கள் ஒரே செயல்தான் என்றது. இன்னொன்று, குற்றத்தின் கூறுகளைப் பார்ப்பது. இந்தக் குற்றத்தை நிரூபிக்கத் தேவையான ஓர் அம்சம் அந்தக் குற்றத்துக்குத் தேவையில்லை என்றால், அவை இரண்டும் வேறு.

தஹவ்வூர் ராணாவின் வழக்கு இந்த இரண்டாவது அளவுகோலில்தான் முடிந்தது. மும்பைத் தாக்குதலுக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து 2011-ல் சிகாகோ ஜூரி அவரை விடுவித்தது. டென்மார்க் நாளிதழைத் தாக்கும் திட்டம் தொடர்பாகவும் லஷ்கர் அமைப்புக்கு உதவியதற்காகவும் குற்றவாளி என்றது. 14 ஆண்டு தண்டனை. 2020-ல் கருணை அடிப்படையில் விடுவிக்கப்பட்ட கையோடு இந்தியாவின் கோரிக்கைக்காகக் கைது செய்யப்பட்டார். "விடுதலையான அதே விஷயத்துக்காக மறுபடியும் விசாரிக்கக் கேட்கிறார்கள்" என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தில் உள்ள "குற்றம்" என்ற சொல் செயலைக் குறிக்கவில்லை, சட்டக் கூறுகளைக் குறிக்கிறது என்று சொல்லி, 2024 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. 2025 ஏப்ரல் 10 அன்று அவர் டெல்லியில் இறக்கப்பட்டார். ஆகவே "அதே விஷயம்தானே" என்று வாதாடும் முன், உங்கள் வழக்குக்குப் பொருந்தும் ஒப்பந்தத்தில் "செயல்" என்று இருக்கிறதா, "குற்றம்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஒரே செயல் என்றால்

இங்கே உள்ளூர் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதே எல்லாம். தீர்ப்பு வந்து இறுதியாகிவிட்டதா? அப்படியென்றால் ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரணை கூடாது என்ற விதி பாதுகாக்கும். ஐரோப்பிய உடன்படிக்கையும் 1990-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாதிரி ஒப்பந்தமும் இதை மறுத்தே ஆக வேண்டிய காரணமாக வைத்திருக்கின்றன. வழக்கு நடந்துகொண்டிருக்கிறதா? அது மறுக்கக்கூடிய காரணம் மட்டுமே. ஆள் இருக்கும் நாடு "நாங்களே விசாரிக்கிறோம்" என்று சொல்லலாம், அல்லது தன் வழக்கை விட்டுக்கொடுத்து அனுப்பியும் வைக்கலாம். அரசு வழக்கறிஞர் வழக்கே தொடராமல் கைவிட்டுவிட்டாரா? ஐ.நா. மாதிரியும் ஐரோப்பிய உடன்படிக்கையும் அதையும் மறுக்கக்கூடிய காரணமாக ஏற்கின்றன. வெறும் விசாரணை நிலையில் இருந்தால் கையில் உள்ள பிடி மிகவும் தளர்வு.

எங்கே விசாரிப்பது பொருத்தம் என்ற கேள்விக்கு பிரிட்டன் தனியாகவே ஒரு தடைவிதி வைத்திருக்கிறது. 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. குற்றத்தின் கணிசமான பகுதி பிரிட்டனிலேயே நடந்திருந்து, கேட்கும் நாட்டுக்கு அனுப்புவது நீதிக்கு உகந்ததல்ல என்று நீதிபதி கருதினால் ஒப்படைப்பைத் தடுக்கலாம். தீங்கு எங்கே விளைந்தது, சாட்சிகள் எங்கே, பாதிக்கப்பட்டவர்களின் நலன் என்ன, தாமதம் எவ்வளவு என்றெல்லாம் அவர் பார்ப்பார். அமெரிக்க அரசுக் கணினிகளுக்குள் புகுந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட லாரி லவ் விஷயத்தில் 2018 பிப்ரவரியில் லண்டன் உயர் நீதிமன்றம் இந்த விதியையும் அவருடைய உடல், மனநிலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் அனுப்ப மறுத்தது.

வெளிநாட்டுக் கோரிக்கை வந்த பிறகு அவசர அவசரமாக உள்ளூரில் தொடங்கப்படும் வழக்கை நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கும். நியாயமான சந்தேகம்தான். கோரிக்கைக்கு முன்பே தொடங்கிய வழக்கு என்றால், அதைக் காட்டும் எஃப்.ஐ.ஆர்., சம்மன், ரிமாண்ட் உத்தரவு எல்லாவற்றையும் தேதி வாரியாக முதல் நாளே தாக்கல் செய்யுங்கள்.

நான்காம் படி: வெவ்வேறு செயல்கள் என்றால் யாருக்கு முன்னுரிமை?

பெரும்பாலானவர்கள் நிற்பது இந்த இடத்தில்தான். பொதுவான விதி, ஆள் யார் கையில் இருக்கிறாரோ அவருக்கே முதல் உரிமை. ஆனால் அந்த உரிமையை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் வேறு அழுத்தத்தோடு சொல்கிறது.

இந்தியச் சட்டத்தின் 31(1)(டி) பிரிவு கண்டிப்பானது. கோரிக்கையில் உள்ள குற்றம் அல்லாத வேறு குற்றத்துக்காக ஒருவர் இந்தியாவில் குற்றம்சாட்டப்பட்டிருந்தாலோ, தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தாலோ, விடுதலையாகியோ தண்டனை முடிந்தோ வேறு வழியிலோ அது தீரும் வரை ஒப்படைக்கக் கூடாது என்கிறது. பிரிட்டனின் 2003-ஆம் ஆண்டு சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளூரில் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால், அது முடியும் வரை ஒப்படைப்பு விசாரணையை நீதிபதி ஒத்திவைத்தே ஆக வேண்டும். தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தால் ஒத்திவைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். ஐரோப்பிய உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவும் ஐ.நா. மாதிரியின் 12-ஆம் பிரிவும் வேறு வழியில் போகின்றன: கோரிக்கையின் மீது முடிவை இப்போதே எடுத்துவிட்டு, கையளிப்பதை மட்டும் தள்ளி வைக்கலாம்.

இந்த மூன்றாவது வகையில்தான் ஆபத்து இருக்கிறது. நிற்பது விசாரணையா, விமானம் மட்டுமா? விமானம் மட்டும் நிற்கிறது என்றால் ஒப்படைப்பு வழக்கு இப்போதே நடந்து, இப்போதே தீர்ப்பாகி, அப்பீல் கெடுவும் இப்போதே ஓடத் தொடங்கும். "உள்ளூர் வழக்கு முடிய இன்னும் 3 வருடம் ஆகுமே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அசந்தால், உள்ளூர் வழக்கு முடிந்த மறுநாள் எதிர்க்க எதுவுமே மிச்சம் இருக்காது. ஒத்திவைப்பு கட்டாயமான பிரிட்டனிலும், ஒப்படைப்பு விசாரணை மறுபடி தொடங்கிவிட்டால் அப்பீலுக்குக் கிடைப்பது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் கோரிக்கையில் 7 நாள், மற்றவற்றில் 14 நாள் மட்டுமே. இந்தியாவில் மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பிய நாளிலிருந்து 15 நாள் கழியும் வரை ஒப்படைக்கக் கூடாது. உயர் நீதிமன்றம் போக வேண்டியவர் அந்த 15 நாளுக்குள் போய்விட வேண்டும்.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். சில சட்டங்கள் "குற்றம்சாட்டப்பட்டவர்" என்கின்றன, சில "விசாரணையை எதிர்கொள்பவர்" என்கின்றன. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதும் நீதிமன்றத்தில் சார்ஜ் ஷீட் தாக்கலாகியிருப்பதும் ஒன்றல்ல. உங்கள் நிலை எந்தச் சொல்லுக்குள் அடங்குகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். நீதிமன்றத்திலிருந்து வழக்கு நிலைச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளிவைப்பதிலும் விலை இருக்கிறது. 2015 ஜனவரியில் மெக்சிகோவின் அட்டர்னி ஜெனரல், போதைக் கும்பல் தலைவன் எல் சாப்போ முதலில் உள்நாட்டுத் தண்டனையை முடிக்கட்டும், பிறகுதான் அமெரிக்கா என்ற நிலையில் உறுதியாக நின்றார். அதே ஆண்டு ஜூலையில் எல் சாப்போ சிறையின் குளியலறைக்கு அடியில் தோண்டிய சுரங்கம் வழியாகத் தப்பிவிட்டான். 2016 ஜனவரியில் மறுபடி பிடித்த பிறகு மெக்சிகோ மனம் மாறியது. உள்நாட்டில் வழக்குகள் இருந்தும் 2017 ஜனவரி 19 அன்று அமெரிக்காவுக்கு அனுப்பியது.

அனுப்புவதன் விலை இதைவிடக் கனமாகவும் இருக்கலாம். கொலம்பியாவில் துணைராணுவக் குழுக்கள் 2005-ஆம் ஆண்டு நீதி, சமாதானச் சட்டப்படி ஆயுதங்களைக் கீழே வைத்தன. தலைவர்கள் தாங்கள் செய்த படுகொலைகளை நீதிமன்றத்தில் முழுமையாக ஒப்புக்கொண்டால் குறைந்த தண்டனை என்பது ஏற்பாடு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், உடலாவது எங்கே புதைத்தார்கள் என்று கேட்க அந்த விசாரணைகளுக்கு வந்தார்கள். நடுவில், 2008 மே 13 அன்று, சால்வத்தோரே மன்குசோ உட்பட 14 தலைவர்களைப் போதைப்பொருள் வழக்குகளுக்காக ஒரே நாளில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது கொலம்பிய அரசு. படுகொலைகளைவிடக் கொக்கெய்னுக்கு முன்னுரிமை கிடைத்தது. வாக்குமூலங்கள் பாதியில் நின்றன. அடுத்த ஆண்டே அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்கள் உண்மையை அறியும் உரிமையைக் காரணம் காட்டி, இன்னொருவரை ஒப்படைக்க மறுத்தது. மன்குசோ கொலம்பிய மண்ணுக்குத் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். ஒரு தாய்க்கு 16 வருடக் காத்திருப்பு என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். "யாருக்கு முன்னுரிமை" என்பதை இரண்டு அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடு என்று மட்டும் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. உள்ளூர் வழக்கில் பாதிக்கப்பட்டவராக நீங்கள் இருந்தால், ஒப்படைப்பு விசாரணையிலும் உங்கள் தரப்பை எழுத்தில் கொடுங்கள். கேட்க வேண்டும் என்ற கட்டாயம் பல நாடுகளில் இல்லை. ஆனாலும் கோப்பில் இருக்கும் கடிதத்தை அமைச்சர் படிக்காமல் கையெழுத்திடுவது கடினம்.

ஐந்தாம் படி: தற்காலிக ஒப்படைப்பைக் கேட்டுப் பாருங்கள்

பலருக்குத் தெரியாத நடு வழி இது. ஆளை விசாரணைக்காக மட்டும் அனுப்புவது, அங்கே விசாரணை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து இங்குள்ள வழக்கையோ தண்டனையையோ முடிப்பது, அதற்குப் பிறகு தேவைப்பட்டால் நிரந்தரமாக ஒப்படைப்பது. ஐரோப்பிய உடன்படிக்கை, ஐ.நா. மாதிரி, ஐரோப்பிய ஒன்றியக் கைதாணை (ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் ஆளைக் கையளிக்கப் பயன்படுத்தும் ஆணை), இந்தியாவும் அமெரிக்காவும் 1997-ல் செய்துகொண்ட ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இதற்கு இடம் உண்டு.

எனக்கு இந்த வழியில் நம்பிக்கை உண்டு. சாட்சிகளுக்கு வயதாகும், நினைவு மங்கும், ஆவணங்கள் தொலையும். 8 வருடம் கழித்து நடக்கும் விசாரணை குற்றவாளிக்குத்தான் சாதகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்பாவிக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. தான் அன்று அங்கே இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதற்குள் இறந்துவிட்டால் அவர் யாரிடம் போவார்?

ஆனால் இது எழுத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியக் கைதாணை பற்றிய 2002-ஆம் ஆண்டு முடிவின் 24-ஆம் பிரிவு, நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும், அவை கேட்கும் நாட்டின் எல்லா அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும் என்கிறது. உங்கள் வழக்கு எந்த நாட்டில் இருந்தாலும் இதே தரத்தைக் கேளுங்கள். திரும்பி வர வேண்டிய தேதி வேண்டும். "விசாரணை முடிந்ததும்" என்று மட்டும் இருந்தால் அது தேதி ஆகாது, அப்பீலும் சேர்த்தா என்று பிறகு சண்டை வரும். அங்கே இருக்கும் முழுக் காலமும் காவலில்தான் இருப்பாரா, அந்த நாட்கள் எந்த வழக்கின் கணக்கில் சேரும், எந்தெந்தக் குற்றச்சாட்டுகளுக்கு மட்டும் விசாரிக்கலாம், இங்கே வாய்தா தவறுவதால் உள்ளூர் நீதிமன்றம் பிடிவாரண்ட் பிறப்பிக்காமல் இருக்க யார் பொறுப்பு, வழக்கறிஞரோடு பேச என்ன ஏற்பாடு என்பதெல்லாம் வரிக்கு வரி இருக்க வேண்டும்.

உள்நாட்டுச் சட்டம் "தீரும் வரை ஒப்படைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லும் இடத்தில், ஒப்பந்தத்தில் உள்ள தற்காலிக ஒப்படைப்பு அந்தச் சட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பதே தனி வாதம். அதற்கு ஒப்படைப்பு வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் தேவை. கிரிமினல் வழக்கில் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இந்தத் துறையைத் தொடாதவர் இதில் தடுமாறுவார்.

ஆறாம் படி: காவல், ஜாமீன், நாள் கணக்கு

இரண்டு வழக்கு என்றால் இரண்டு வாரண்ட். ஒன்றில் ஜாமீன் கிடைத்தால் கதவு திறக்காது. விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே 2019-ல் பிரிட்டனில் ஜாமீன் நிபந்தனையை மீறியதற்காக 50 வாரத் தண்டனை பெற்றார். அந்தத் தண்டனை செப்டம்பரில் முடிந்தும் அவர் பெல்மார்ஷ் சிறையிலேயே இருந்தார். அமெரிக்கக் கோரிக்கை அவரைப் பிடித்து வைத்திருந்தது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உள்ளூர் வழக்கில் ஜாமீன் வாங்கிவிட்டு, ஒப்படைப்புக் காவலில் உள்ளே இருப்பவரின் நாட்கள் உள்ளூர் தண்டனையில் கழியாமல் போகலாம். மறுபக்கம், உள்ளூர் வழக்குக்காகவே உள்ளே இருக்கும் நாட்களை, ஒப்படைப்புக் கேட்கும் நாடு கழித்துக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியக் கைதாணை முடிவின் 26-ஆம் பிரிவு கழிக்கச் சொல்வது அந்தக் கைதாணையை நிறைவேற்றியதால் ஏற்பட்ட காவலை மட்டும்தான்.

மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு வழக்கில் இந்தியா தேடிய அபு சலேம் விஷயத்தில் இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் 2002 செப்டம்பரில் லிஸ்பனில் பிடிபட்டார். போர்ச்சுகலிலேயே போலி பாஸ்போர்ட் வழக்கில் தண்டனையும் பெற்றார். அது முடிந்த பிறகு 2005 நவம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். 25 ஆண்டுக்கு மேல் சிறையில் வைக்க மாட்டோம் என்று இந்தியா போர்ச்சுகலுக்கு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த 25 ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? பிடிபட்ட 2002-லிருந்து என்றார் அவர். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 2005 அக்டோபர் 12-லிருந்து என்றது. அதற்கு முந்தைய காலம் போர்ச்சுகலின் சொந்த வழக்குக்கான காலம். உள்ளூர் வழக்கு ஒன்று குறுக்கே இருந்ததால் 3 வருடம் கணக்கிலிருந்து வெளியே நின்றது.

அதனால் குடும்பத்தினர் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். கைது, ரிமாண்ட், ஜாமீன், ஒவ்வொரு காவல் நீட்டிப்பு உத்தரவு எல்லாவற்றையும் தேதியோடு, எந்த வழக்கு எண் என்பதோடு எழுதுங்கள். ஜாமீன் மனுப் போடும் முன், "இதை வாங்கினால் நாள் கணக்கு என்ன ஆகும்?" என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சில நேரம் உள்ளூர் வழக்கில் ஜாமீன் கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்க விசித்திரமாக இருக்கும். கணக்குப் போட்டால் புரியும்.

ஏழாம் படி: உள்ளூர் வழக்கை என்ன செய்வது?

சிலர் உள்ளூர் வழக்கைக் கேடயமாக நினைத்து இழுத்தடிக்கிறார்கள். வாய்தா மேல் வாய்தா. தொடர் கொலையாளி சார்லஸ் சோப்ராஜ் 1986-ல் திகார் சிறையிலிருந்து தப்பியதே, பிடிபட்டுக் கூடுதல் தண்டனை வாங்கி, தாய்லாந்திடம் ஒப்படைக்கப்படுவதைத் தவிர்க்கத்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. 1997-ல் அவர் வெளியே வந்தபோது தாய்லாந்தின் வாரண்ட் காலாவதியாகிவிட்டிருந்தது. இதைச் சாமர்த்தியம் என்று சொல்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: அதற்காக அவர் கொடுத்தது சிறையில் பல வருடங்கள். பிறகு 2003-ல் நேபாளத்தில் பிடிபட்டு 2022 டிசம்பர் வரை அங்கேயும் உள்ளே இருந்தார். பல நாடுகளில் கடுங்குற்றங்களுக்குக் காலாவதியே கிடையாது.

எதிர்த் திசையிலும் நடக்கும். ஒப்படைப்பை விரைவுபடுத்த அரசே உள்ளூர் வழக்கைத் திரும்பப் பெற முயலும். இந்தியாவில் அதற்கு நீதிமன்றத்தின் சம்மதம் வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360-ஆம் பிரிவு. புதிய பிரிவு, பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் திரும்பப் பெற அனுமதிக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறது. நல்ல மாற்றம். வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டு, ஒப்படைப்பு நடைமுறையே இல்லாமல் குடியேற்றச் சட்டப்படி விமானம் ஏற்றுவதும் உண்டு. அப்படி ஒரு வாசனை வந்தால் அன்றே நீதிமன்றம் போக வேண்டும், மறுநாள் ஆள் நாட்டில் இருக்க மாட்டார்.

சிறிய உள்ளூர் வழக்கு, பெரிய வெளிநாட்டு வழக்கு என்றால், உள்ளூர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சீக்கிரம் முடிக்கலாமா என்ற யோசனை வரும். ஒப்புதலில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் மறுநாட்டு அரசு வழக்கறிஞரின் மேசைக்குப் போகும் என்பதை மறக்காதீர்கள். ஒரே கும்பல், ஒரே கணக்கு வழக்கு என்றால் இன்னும் கவனம். இரண்டு நாட்டு வழக்கறிஞர்களும் பேசிக்கொள்ளாமல் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

"சரி, நானே போகிறேன்" என்று சம்மதம் கொடுப்பதும் ஒரு வழி. காலம் மிச்சமாகும். ஆனால் பல நாடுகளில் அப்படிச் சம்மதித்தால், ஒப்படைத்த குற்றத்துக்கு மட்டுமே விசாரிக்கலாம் என்ற பாதுகாப்பு போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சம்மதமும் அந்தப் பாதுகாப்பைக் கைவிடுவதும் இரண்டு தனிக் கையெழுத்துகள். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைப் போடாமல் இருக்கலாம். கையெழுத்திடும் காகிதத்தில் இரண்டும் ஒரே பத்தியில் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள்.

எட்டாம் படி: இரண்டு நாடுகள் கேட்டால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றத்தின் கடுமை, நடந்த இடம், கோரிக்கை வந்த தேதி, குடியுரிமை, அங்கிருந்து அடுத்த நாட்டுக்கு அனுப்ப வாய்ப்பு உண்டா என்பதைப் பார்த்து ஆள் இருக்கும் நாடு முடிவெடுக்கும். கிரிப்டோ தொழிலதிபர் டோ க்வோன் 2023 மார்ச்சில் மாண்டினீக்ரோவில் போலி பாஸ்போர்ட்டோடு பிடிபட்டார். அந்த நாட்டுத் தண்டனை 4 மாதம்தான். தென் கொரியாவா அமெரிக்காவா என்ற இழுபறியோ 2024 டிசம்பர் 31 வரை நீடித்து அமெரிக்காவில் முடிந்தது. பனாமாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் நொரியேகா 2007-ல் அமெரிக்கத் தண்டனையை முடித்தும் 2010-ல் பிரான்சுக்கும் 2011-ல் பனாமாவுக்கும் கைமாறினார். உள்ளூர் வழக்கு முடிவதற்குள் வரிசையில் வேறு யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஒன்பதாம் படி: போன பிறகு உள்ளூர் வழக்கு என்ன ஆகும்?

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆள் கிளம்பிவிட்டார், ஆனால் உள்ளூர் கோப்பு திறந்தே கிடக்கும். அரசே அனுப்பி வைத்த ஒருவர், அடுத்த வாய்தாவுக்கு வரவில்லை என்று தலைமறைவுக் குற்றவாளி ஆகிவிடக்கூடும். ஜாமீன் கொடுத்தவர்களின் சொத்துக்கு நோட்டீஸ் வரலாம்.

ஆகவே ஒப்படைப்பு உத்தரவின் நகலை உள்ளூர் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யுங்கள். ஆஜராவதிலிருந்து விலக்குக் கேளுங்கள், அல்லது வீடியோ மூலம் ஆஜராக அனுமதி கேளுங்கள். ஜாமீன்தாரர்களை விடுவிக்கத் தனி மனுப் போடுங்கள். உள்ளூர் வழக்கில் அவருக்குச் சாதகமான ஆவணங்கள் ஏதாவது பறிமுதலில் இருந்தால், சான்றளித்த நகல் வாங்கி அங்குள்ள வழக்கறிஞருக்கு அனுப்புங்கள்.

அங்கே போன பிறகு புதுக் குற்றச்சாட்டுகள் சேர்க்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஒப்படைத்த குற்றத்தைத் தாண்டி விசாரிக்க அனுப்பிய நாட்டின் சம்மதம் வேண்டும். ஐரோப்பிய உடன்படிக்கைப்படி, இறுதியாக விடுதலையான பிறகு 45 நாள் வாய்ப்பிருந்தும் அந்த நாட்டை விட்டு வெளியேறாவிட்டால் இந்தப் பாதுகாப்பு தீர்ந்துவிடும். அந்த 45 நாளுக்குள் பாஸ்போர்ட்டும் பயணச் சீட்டும் தயாராக வேண்டும். தற்காலிகமாகப் போனவர் என்றால், திரும்ப வேண்டிய தேதிக்கு 2 மாதம் முன்பே, அவரை அழைத்துவர ஏற்பாடு என்ன என்று உள்ளூர் நீதிமன்றத்தில் கேட்டு மனுத் தாக்கல் செய்துவிடுங்கள்.